வைரங்களுக்கு நடுவே ஒரு படிகம்

இரண்டு வைரங்களுக்கு நடுவே பொருளை அழுத்தும் கருவிதான் வைரச் செல். அதில் உயர் அழுத்தத்தில் ஒரு படிகத்தின் எலக்ட்ரான் அடர்த்தியை, அதாவது எலக்ட்ரான்கள் எங்கே எவ்வளவு செறிந்திருக்கின்றன என்பதை, அளக்க வருகிறவர்கள் எக்ஸ்-கதிரைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். கேஸ்கெட்டில், அதாவது படிகத்தைச் சுற்றி நிற்கும் துளையிட்ட உலோகத் தகட்டில், தொடங்குங்கள் என்பேன் நான்.

0.25 மி.மீ. எஃகுத் தகட்டை இரண்டு வைரங்களுக்கிடையே வைத்து 0.08 மி.மீ. வரை அழுத்துங்கள். பள்ளத்தின் நட்டநடுவில் 0.2 மி.மீ. துளை. கொஞ்சம் ஓரமாகப் போனாலும், அழுத்தம் ஏற ஏறத் துளை நகர்ந்து படிகத்தை நசுக்கிவிடும். மூன்று வாரம் வளர்த்த படிகம் ஒன்று எனக்கு அப்படித்தான் போனது. இன்றும் மனசு ஆறவில்லை.

ஊசி நுனியில் துளி கிரீஸ் தொட்டுப் படிகத்தை எடுத்து வையுங்கள். பக்கத்தில், அழுத்தத்தை அளக்க, ஒரு மாணிக்கத் துகள். அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகக் கடத்தும் மெத்தனால், எத்தனால் 4:1 கலவையை விட்ட கையோடு மூடுங்கள், நொடியில் ஆவியாகிவிடும். சுமார் 10 கிகாபாஸ்கல் (காற்றழுத்தத்தைப் போலச் சுமார் ஒரு லட்சம் மடங்கு) வரை இது போதும். அதற்கு மேல் ஹீலியம்தான்.

மாணிக்கத்தின் சிவப்பு ஒளிர்கோடு சாதாரண அழுத்தத்தில் 694.2 நானோமீட்டரில் இருக்கும். ஒரு கிகாபாஸ்கலுக்குச் சுமார் 0.365 நானோமீட்டர் நகரும். சூடும் அதை நகர்த்தும், அறை வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செல்லின் உடம்பே பெரும்பகுதிக் கதிரை மறைக்கும். அதனால், மிஞ்சும் சிறிய திறப்பிலேயே அதிகப் புள்ளிகள் விழ, 0.56 ஆங்ஸ்ட்ராம் என்ற குட்டை அலைநீள எக்ஸ்-கதிர் தரும் வெள்ளிக் குழாயோ, துகள் முடுக்கியான சின்க்ரோட்ரானோ வேண்டும். படிகத்தைத் திசை மாற்றி வைத்து இன்னொரு முறையாவது அளந்து, இரண்டு அளவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைரமும் கதிரைச் சிதறடிப்பதால் விழும் பளிச்சென்ற புள்ளிகளை ஒவ்வொரு படத்திலும் கண்ணால் பார்த்தே நீக்குங்கள்.