நண்பகல் சூரியனை அளந்து கப்பலின் இடத்தைக் கண்டறிவது எப்படி?

ஜி.பி.எஸ். வந்து பல ஆண்டுகள் ஆன பின்பும், எஸ்.டி.சி.டபிள்யூ. என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின்படி, பெருங்கடல் செல்லும் கப்பலின் டெக் அதிகாரி வானத்தைப் பார்த்து இடமறியக் கற்றிருக்க வேண்டும். புதியவர்கள் நட்சத்திரங்களில் தொடங்குவதைவிட நண்பகல் சூரியனில் தொடங்குவதே நல்லது. இதில் பெரும்பாலும் கூட்டலும் கழித்தலும் போதும். செக்ஸ்டன்ட் (அடிவானத்துக்கு மேல் சூரியனின் உயரத்தைக் கோணமாக அளக்கும் கைக்கருவி), நடப்பு ஆண்டின் நாட்டிகல் ஆல்மனாக் (சூரியன், நட்சத்திரங்களின் இடங்களை நாள், நேரவாரியாகத் தரும் அட்டவணைப் புத்தகம்), கிரீன்விச் நேரத்தை நொடி பிசகாமல் காட்டும் கடிகாரம் ஆகிய மூன்றும் தேவை. எடுத்துக்காட்டாக, டிசம்பர் 22 அன்று வங்காள விரிகுடாவில், உத்தேசமாகக் கிழக்குத் தீர்க்கரேகை 82 பாகையில் நம் கப்பல் இருப்பதாகக் கொள்வோம்.

முதலில், சூரியன் எப்போது உச்சத்தைத் தொடும் என்று கணக்கிடுங்கள். அன்று கிரீன்விச்சில் உச்சம் 11.58 மணிக்கு. கிழக்கே ஒவ்வொரு பாகைக்கும் 4 நிமிடம் முந்தும் என்பதால், 82 பாகைக்கு 5 மணி 28 நிமிடத்தைக் கழித்தால் கிரீன்விச் நேரம் 06.30, அதாவது இந்திய நேரம் நண்பகல் 12.00 ஆகும். அதற்கு அரை மணி முன்பே மேல்தளத்துக்கு வந்துவிடுங்கள்.

அடுத்து, கருவியின் பிழையைப் பாருங்கள். அளவைப் பூஜ்யத்தில் வைத்து அடிவானத்தை நோக்கும்போது கோடு உடைந்து தெரிந்தால், அது ஒரே கோடாகும்வரை டிரம்மை (கருவியின் கோணத்தை நுணுக்கமாக மாற்றும் திருகு உருளையை) திருப்புங்கள். பூஜ்யத்துக்கு மேல் 1 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) காட்டினால், பின்னர் எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் அதைக் கழிக்க வேண்டும்.

இனி அளவெடுப்பு. கருவியிலுள்ள கருப்புக் கண்ணாடிகளைப் போடாமல் ஒருபோதும் சூரியனை நோக்காதீர்கள், கண் போய்விடும். கருவியின் நகரும் கையைத் தள்ளிச் சூரியனின் பிம்பத்தை அடிவானம்வரை இறக்கியபின், கருவியை இடமும் வலமும் மெல்லச் சாய்த்தால், பிம்பம் ஊஞ்சலைப் போல ஒரு வளைவில் ஆடும். அந்த வளைவின் மிகத் தாழ்ந்த புள்ளியில் சூரியனின் கீழ்விளிம்பு அடிவானத்தை உரசி நிற்க வேண்டும். சாய்க்காமல் எடுத்த அளவு பெரும்பாலும் உண்மையைவிட அதிகமாகவே இருக்கும். சூரியன் ஏற ஏற விளிம்புக்கும் நீருக்கும் இடையே இடைவெளி விழும். டிரம்மைத் திருப்பி அதை மூடிக்கொண்டே வாருங்கள். பிறகு சில நிமிடங்கள் ஏறாமலும் இறங்காமலும் நின்று, விளிம்பு நீருக்குள் மெல்ல அமிழத் தொடங்கும். அப்போது டிரம்மைத் தொடாமல், காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நமக்குக் கிடைத்தது 53 பாகை 24.0 கலை. கருவிப்பிழை 1.0 போக 53° 23.0′. பார்வையாளரின் கண் நீர்மட்டத்துக்கு 9 மீட்டர் மேலே இருந்தால், அதன் வர்க்கமூலமான 3-ஐ 1.76-ஆல் பெருக்கிக் கிடைக்கும் 5.3 கலையைக் கழிக்க வேண்டும். உயரத்திலிருந்து பார்க்கும்போது அடிவானம் தாழ்ந்து தெரிவதே காரணம். மீதி 53° 17.7′. ஒளிவிலகலையும் சூரியனின் அரைவிட்டத்தையும் சேர்த்த திருத்தம் ஆல்மனாக் அட்டவணைப்படி 15.5 கலை, அதைக் கூட்டினால் 53° 33.2′. இதை 90 பாகையிலிருந்து கழிக்க 36° 26.8′ வரும். இது நம் தலைக்கு நேர்மேலிருந்து சூரியன் விலகியிருக்கும் தூரம்.

அந்நேரத்தில் சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 23° 26.0′-இல் நேர் மேலே நிற்கிறது என்று ஆல்மனாக் சொல்லும், இதுவே டெக்ளினேஷன். சூரியன் நமக்குத் தெற்கே தெரிந்ததால், நாம் அதற்கு 36° 26.8′ வடக்கே இருக்கிறோம். டெக்ளினேஷனைக் கழித்தால் வடக்கு அட்சரேகை 13° 00.8′, ஏறக்குறைய சென்னைக்கு நேர் கிழக்கே. ஏப்ரல் கடைசியில் இதே கடலில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடுவதால் அளப்பது கடினம். பழகுவதற்குக் குளிர்காலமே ஏற்றது.

தீர்க்கரேகைக்கு நேரம் வேண்டும். உச்சத்தில் சூரியன் தயங்கி நிற்பதால் அந்தக் கணத்தை நேரடியாகப் பிடிக்க முடியாது. ஆகவே உச்சத்துக்கு முன் 06.10.10 மணிக்கு ஓர் உயரத்தை அளந்து, சூரியன் இறங்கும்போது அதே உயரத்துக்கு வரும் நேரத்தைக் குறியுங்கள். அது 06.50.30 என்றால், நடுநேரம் 06.30.20. நேரச் சமன்பாடு (கடிகார நண்பகலுக்கும் சூரியன் உச்சம் தொடும் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு) அன்று 1 நிமிடம் 40 நொடி என்று கொண்டால், கிரீன்விச்சின் உச்சம் 11.58.20, வேறுபாடு 5 மணி 28 நிமிடம், அதாவது கிழக்கு 82 பாகை. இங்கே 4 நொடி தவறினால் ஒரு கலை தவறும். கப்பல் வடக்கிலோ தெற்கிலோ வேகமாக ஓடினால் இரண்டு உயரங்களின் சமச்சீர் கெட்டுவிடும் என்பதால், அட்சரேகையை நம்பும் அளவுக்கு இந்தத் தீர்க்கரேகையை நம்பாமல், பிற்பகலில் மற்றோர் அளவெடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.