எண் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு எண்ணக் கற்றுக்கொடுப்பது எப்படி?

மூன்று வயதுக் குழந்தை ஒன்றிலிருந்து இருபது வரை மளமளவென்று சொல்லிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் பெருமையாக இருக்கும், இருக்கட்டும், நல்ல தொடக்கம்தான் அது. ஆனால் அதே குழந்தையின் முன்னால் பத்துப் பதினைந்து பொத்தான்களைக் கொட்டி, "எனக்கு நாலு பொத்தான் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கையில் அகப்பட்டதை அள்ளித் தரும். இருபது வரை சொல்லும் பிள்ளைக்கு நாலு எடுக்கத் தெரியவில்லையே என்று பதற வேண்டாம். எண்களின் பெயரை வரிசையாகச் சொல்வது ஒரு திறமை, பொருட்களை எண்ணுவது வேறொரு திறமை. முதலாவது காதில் கேட்டுக் கேட்டே வந்துவிடும், இரண்டாவதற்குத்தான் நாம் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. (எதையும் வாயில் போடும் வயதென்றால் பொத்தான் வேண்டாம், கரண்டி, பெரிய பொம்மை, செருப்பு என்று விழுங்க முடியாத பொருளாக எடுங்கள்.)

எண்ணுவதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதை ரோச்செல் கெல்மன், ராண்டி கேலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் பிரித்துக் காட்டினார்கள். எண்களை எப்போதும் ஒரே வரிசையில் சொல்ல வேண்டும், ஒரு பொருளுக்கு ஒரு எண்தான், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். இவற்றோடு, எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம் என்பதும் சேரும். குழந்தை எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க இந்தப் பிரிப்பு ரொம்ப உதவும், ஏனென்றால் ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் செய்ய வேண்டியது வேறு.

விரல் ஒரு வேகத்தில் ஓடுகிறது, வாய் இன்னொரு வேகத்தில் ஓடுகிறது என்றால் ஒரு பொருளுக்கு ஒரு எண் என்பது இன்னும் பிடிபடவில்லை. இதற்குத் தொட்டு எண்ணுவதைவிட நகர்த்தி எண்ணுவது நல்லது. பொருட்களை இடது பக்கம் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தட்டில் போட்டுக்கொண்டே எண்ணச் சொல்லுங்கள், எண்ணியது எது எண்ணாதது எது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். முதலில் மூன்று நான்கு பொருள் போதும். அது சுலபமானதும் வரிசையாக அடுக்கி வைத்ததைத் தொட்டு எண்ணலாம், அப்புறம் சிதறிக் கிடப்பதை. படி ஏறும்போது காலடிக்கு ஓர் எண் சொல்வதும் அருமையான பயிற்சி, உடம்பே தாளம் போட்டுக் கொடுக்கிறது. தப்பாக எண்ணினால் "தப்பு" என்று நிறுத்தாமல், "வா, நானும் எண்ணிப் பார்க்கிறேன்" என்று மெதுவாக நீங்கள் ஒருமுறை எண்ணுங்கள்.

இப்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம். குழந்தை ஐந்து கரண்டியைச் சரியாக எண்ணிவிட்டது, உடனே "மொத்தம் எத்தனை?" என்று கேட்கிறீர்கள், அது மறுபடியும் ஒன்று, இரண்டு என்று ஆரம்பிக்கிறது. கடைசி எண்தான் விடை என்று அதற்கு இன்னும் தெரியாது. 'எத்தனை' என்று கேட்டால் எண்ண வேண்டும் என்று மட்டும்தான் புரிந்திருக்கிறது. கேரன் வின் என்ற ஆய்வாளர் 1990-களின் தொடக்கத்தில், "இத்தனை கொடு" என்று கேட்டுப் பார்த்தே இதை விளக்கினார்: குழந்தைகள் முதலில் 'ஒன்று' என்பதன் பொருளைப் பிடிக்கிறார்கள், பல மாதம் கழித்து 'இரண்டு', பிறகு 'மூன்று', அதற்கப்புறம்தான் எண்ணுவது எதற்காக என்பது மொத்தமாக விளங்குகிறது. பல குழந்தைகளுக்கு இது மூன்றரை, நான்கு வயதுவாக்கில் நடக்கிறது. ஆகவே இருபது, முப்பது என்று சொல்ல வைக்கும் அவசரத்தைவிட ஒன்று, இரண்டு, மூன்றிலேயே நிறைய நாள் தங்குவதுதான் சரி என்பேன். எண்ணுவதோடு மொத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "மூணு கரண்டி இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு கரண்டி." அதோடு நாள் முழுக்கச் சின்னச் சின்ன வேலை கொடுங்கள், இரண்டு டம்ளர் எடுத்து வா, மூன்று புத்தகம் கொண்டு வா என்று. எண்ணிக்காட்டச் சொல்வதைவிட எடுத்து வரச் சொல்வது எனக்கு எப்போதும் மேலாகப் படுகிறது, விடை தெரியாமல் அதைச் செய்ய முடியாது.

இனி வரிசை. ஒன்றிலிருந்து மட்டுமே சொல்லத் தெரிந்த குழந்தையிடம் "ஐந்துக்கு அடுத்து என்ன?" என்று கேட்டால் முழிக்கும், அல்லது மனதுக்குள் ஒன்றிலிருந்து ஓடி வரும். ஓடி வரட்டும். "மூணு, நாலு, அஞ்சு..." என்று நீங்கள் கொஞ்சம் எடுத்துக் கொடுத்து நிறுத்தினால் ஆறு தானாக வரும், பிறகு எடுத்துக்கொடுப்பதைக் குறைத்துக்கொண்டே போகலாம். 'முன்னால் என்ன?' என்பது இதைவிடக் கடினம், அதைக் கண்ணால் காட்டாமல் கேட்காதீர்கள். ஒன்று முதல் பத்து வரை அட்டைகளை வரிசையாக அடுக்கி, குழந்தை கண்ணை மூடியிருக்கும்போது ஓர் அட்டையை ஒளித்து வையுங்கள், எது காணோம் என்று அது கண்டுபிடிக்கட்டும். இன்னொரு நாள் இரண்டு அட்டைகளை இடம் மாற்றி வையுங்கள். உங்களைப் பிடித்துவிட்ட சந்தோஷத்துக்காகவே திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

ஒரே ஒரு விளையாட்டுதான் செய்ய முடியும் என்றால் கட்டம் தாண்டும் விளையாட்டைச் சொல்வேன். நீளமான தாளில் பத்துக் கட்டம் வரைந்து இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதி, ஒன்று அல்லது இரண்டு மட்டும் விழும்படி ஒரு பகடை செய்துகொள்ளுங்கள். ராபர்ட் சீக்லர், கீதா ராமணி இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் மழலையர் இப்படி விளையாடினார்கள். கால் மணி நேரம் வீதம் நான்கு முறை, மொத்தம் ஒரு மணி நேரம்தான், அதிலேயே எண்களைப் பற்றிய புரிதல் கூடியது. எண் இல்லாமல் நிறங்கள் மட்டும் இருந்த அட்டையில் விளையாடியவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: ஐந்தாம் கட்டத்தில் இருக்கும்போது இரண்டு விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்தாமல் "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். பின்னாளில் கூட்டலுக்குத் தேவையான, நடுவிலிருந்து தொடர்ந்து எண்ணும் பழக்கம் இதில்தான் உருவாகிறது.

பத்திலிருந்து கீழே இறங்கி எண்ணுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பொம்மை ராக்கெட் விடுவது போதும், பூஜ்யம் அதிலேயே அறிமுகமாகிவிடும். விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். எழுதுவதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், 3, 7 எல்லாம் ஆறு ஏழு வயது வரைக்கும் திரும்பி நிற்பது சாதாரணம், அதைக் காரணம் காட்டி எண்ணும் விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை.

இருபதைத் தாண்டினால் சிக்கல் ஒன்பதில் முடியும் எண்களில்தான் வரும். இருபத்தொன்பது வரை ஓடிவந்து நின்றுவிடும், அல்லது 'இருபத்திப்பத்து' என்று சொல்லும். அப்படிச் சொல்கிற குழந்தை விதியைப் புரிந்துகொண்டுவிட்டது, அடுத்த பத்தின் பெயர்தான் தெரியவில்லை. பத்து, இருபது, முப்பது என்று நூறு வரை தனியாக ஒரு பாட்டு போலச் சொல்லிப் பழக்குங்கள். எண்பதும் தொண்ணூறும் எட்டு, ஒன்பது மாதிரி ஒலிப்பதில்லை என்பதால் அந்த இரண்டையும் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கும். குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டி வைத்தால், முப்பது என்றால் மூன்று கட்டு என்று கையிலேயே தெரியும், 12-க்கும் 21-க்கும் உள்ள வேறுபாடும் அப்போதுதான் விளங்கும்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், முகம் சுருங்கினால் அதற்கும் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். ஆறு வயதாகியும் ஐந்தாறு பொருளைச் சரியாக எண்ணி எடுக்க முடியவில்லை என்றால் ஆசிரியரிடமும் குழந்தை மருத்துவரிடமும் பேசிவிடுவது நல்லது.