பீரோவில் உள்ள காகிதங்களைப் போனுக்குள் கொண்டுவருவது

வண்டி இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, மிக்ஸி பில் எங்கே, மளிகைக்கு என்ன வாங்க வேண்டும்: வீட்டு நிர்வாகத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவைதான். இதற்கு இருபது ஆப் வேண்டாம். டிஜிலாக்கர், கூகுள் டிரைவ், கூகுள் கேலண்டர், கூகுள் கீப் என்று நான்கு போதும். கூகுளின் மூன்றும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்கெனவே இருக்கும், இல்லாவிட்டால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரே வேலையை இரண்டு ஆப்களில் செய்யாதீர்கள். பாதி பட்டியல் வாட்ஸ்அப்பிலும் மீதி கீப்பிலும் இருந்தால் இரண்டையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

முதலில் டிஜிலாக்கர். அரசு ஆவணங்களைப் போனில் வைத்துக்கொள்ள மத்திய அரசு 2015இல் தொடங்கியது. பிளே ஸ்டோரில் இதே பெயரைப் போலப் பல ஆப்கள் இருப்பதால், வெளியிட்டவர் தேசிய மின்-ஆளுமைப் பிரிவுதானா என்று பார்த்து இறக்குங்கள். ஆதாரோடு இணைத்த மொபைல் எண் உங்கள் கையில் இருக்க வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். பிறகு 6 இலக்க பின் ஒன்றை அமைக்கச் சொல்லும்.

உள்ளே இரண்டு வகை ஆவணங்கள் இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் சோதனையில் மாட்டிக்கொள்கிறார்கள். வழங்கிய துறையிடமிருந்தே நேராக வந்து 'இஷ்யூட்' பகுதியில் நிற்பது அசலுக்குச் சமம். லைசென்ஸையும் ஆர்சியையும் (வண்டிப் பதிவுச் சான்று) இப்படிக் காட்டினால் ஏற்க வேண்டும் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2018லேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. லைசென்ஸைப் போட்டோ எடுத்து நீங்களே ஏற்றி வைத்தால் அது வெறும் நகல், அதற்கு அந்த மதிப்பு கிடையாது.

லைசென்ஸ் எடுக்க அதன் எண் போதும். ஆர்சிக்கு வண்டி எண்ணோடு சேசிஸ் எண்ணும் கேட்கும், அது ஆர்சி புத்தகத்திலேயே இருக்கிறது. எண்களை இடைவெளி விடாமல் அடியுங்கள். எண் சரியாக இருந்தும் 'விவரம் பொருந்தவில்லை' என்று வந்தால் பெரும்பாலும் இன்ஷியல்தான் காரணம். ஆதாரில் 'மு. செல்வி' என்றும், பான் கார்டில் அதை விரித்து 'செல்வி முருகன்' என்றும் இருந்தால் இரண்டும் வேறு ஆள் என்று ஆப் நினைத்துக்கொள்ளும். நம் ஊர்ப் பெயர் வழக்கத்துக்கு அது பழகவில்லை! ஏதாவது ஓர் அட்டையில் பெயரைத் திருத்தினால்தான் இது தீரும், ஆப்பை அழித்து மறுபடி போடுவதால் ஒன்றும் மாறாது.

டிஜிலாக்கருக்கு வராத காகிதங்களுக்கு டிரைவ். பத்திரம், வாடகை ஒப்பந்தம், மருத்துவ ரிப்போர்ட், கடை பில் எல்லாம் இதில் சேரும். கூட்டல் குறியைத் தொட்டு 'ஸ்கேன்' எடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், கருநிறத் துணி மேல் தாளை வைத்தால் ஓரங்களை ஆப் தானே கண்டுபிடிக்கும். ஃபிளாஷ் வேண்டாம், லேமினேட் செய்ததில் பளபளப்பு விழுந்து எழுத்து மறையும். முத்திரை உள்ள தாளைக் கலரிலேயே வையுங்கள், கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் ஊதா மை வெளிறிவிடும். பல பக்க ஆவணத்தை ஒரே பிடிஎஃப்பாகச் சேமியுங்கள்.

கடைகளில் வழுவழுப்பான தாளில் தரும் பில்லை வாங்கிய அன்றே ஸ்கேன் செய்யுங்கள். அதில் மை கிடையாது, சூட்டால் கறுக்கும் தாள் அது. வெயிலிலும் வெப்பத்திலும் வெளுக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவரில் போட்டால் இன்னும் சீக்கிரம் வெளுக்கும். வாரண்டி கேட்கப் போகும் நாளில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

பெயர் வைப்பதில் சோம்பல் படாதீர்கள். ஆண்டு, மாதம், பொருள் என்ற வரிசையில் '2025-06 மிக்ஸி பில்' என்று வைத்தால் கோப்புகள் தேதிப்படி தாமாக அடுக்கிக்கொள்ளும். இலவச இடம் 15 ஜிபி, அதை ஜிமெயிலும் போட்டோக்களும் பங்கு போட்டுக்கொள்ளும். யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கி, சிறிய எழுத்து கலங்கிவிடும்.

காலக்கெடுக்கள் கேலண்டரில். புதிய நிகழ்வு தொடங்கி 'பைக் இன்சூரன்ஸ்' என்று எழுதி, முடியும் தேதியைப் போட்டு, ஆண்டுதோறும் திரும்ப வருமாறு வையுங்கள். நினைவூட்டல் ஒன்று போதாது. 4 வாரம், 1 வாரம், 1 நாள் முன்பு என்று மூன்று வையுங்கள். பாலிசி எண்ணைக் குறிப்பில் எழுதிவிட்டால் தேட வேண்டியதில்லை. பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் விட்டால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். மின் கட்டணத்துக்கு 'ஒவ்வொரு 2 மாதமும்' என்று அமையுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்குக் கணக்கெடுத்ததிலிருந்து 20 நாள் அவகாசம் உண்டு, ஆகவே கணக்கெடுப்புக்குப் பத்து நாள் கழித்து மணி அடிக்கட்டும்.

இங்கே இரண்டு தவறுகள் வழக்கமானவை. நிகழ்வை ஜிமெயில் கணக்கில் சேமிக்காமல் 'போன்' கேலண்டரில் சேமித்தால், போன் மாற்றும்போது எல்லாம் போய்விடும். அடுத்தது, மணியே அடிக்காதது. பேட்டரியை மிச்சப்படுத்த சில போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை நீக்குங்கள், அறிவிப்பு அனுமதியும் இருக்கிறதா பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒரு சோதனை நிகழ்வு வைத்துத் திரையை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மளிகைக்குக் கீப். டிக் பெட்டிகளுள்ள பட்டியலை வீட்டில் இன்னொருவரின் ஜிமெயிலோடு பகிர்ந்தால், கடையில் ஒருவர் டிக் அடிப்பது மற்றவருக்கும் தெரியும். வாங்கியதை அழிக்காதீர்கள். மெனுவில் எல்லா டிக்கையும் நீக்கும் வசதி இருக்கிறது, அடுத்த மாதம் அதே பட்டியல் தயார்.

டிரைவ், கேலண்டர், கீப் மூன்றும் ஒரே கூகுள் கணக்கில் இருக்கின்றன. போன் தொலைந்தால் சிம்மும் போய், அந்தக் கணக்கில் நுழைய ஓடிபி வராது. கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, ஓடிபிக்குப் பதிலாகப் பயன்படும் பேக்கப் குறியீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறைதான் செல்லும். தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள், பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள். புதிய பத்து எடுத்தால் பழையவை செல்லாது, பழைய தாளைக் கிழித்துப் போடலாம்.