சிறந்த அப்ரண்டிஸை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஃபிட்டர் டிரேடுக்கு ஒரு முழுச் செய்முறை

ஆயுத பூஜை நெருங்கினால் பல தொழிற்சாலைகளில் எச்.ஆரிலிருந்து மெயில் வரும்: சிறந்த அப்ரண்டிஸ் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். பயிற்சிப் பொறுப்பாளர் இரண்டு சூப்பர்வைசர்களைக் கேட்பார், ஒரு பெயர் கிடைக்கும், கேடயம் அச்சாகிவிடும். ஆனால் பேட்ச்சில் யார் கை சுத்தம் என்பது கூடப் படிக்கும் பையன்களுக்கும் பெண்களுக்கும் முன்பே தெரியும். மேடையில் வேறு பெயர் வந்தால் அந்த விருதுக்கு அன்றோடு மரியாதை போயிற்று.

10 முதல் 30 அப்ரண்டிஸ் வரை உள்ள தொழிற்சாலையிலோ ஐ.டி.ஐ.யிலோ இந்தப் பொறுப்பை முதல்முறை ஏற்பவருக்காக இதை எழுதுகிறோம். நோக்கம் ஒன்றுதான்: ஆளைப் பார்த்து மார்க் போடாமல் ஜாப்பை (செய்து முடித்த வேலைப்பொருளை) பார்த்துப் போடுவது. அதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

1. சட்டத்தில் மூன்று பிரிவுகள்

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தை எடுத்து 13, 18, 19 பிரிவுகளை மட்டுமாவது படித்துவிடுங்கள். அப்ரண்டிஸ் என்பவர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர் என்கிறது 18. அவருக்குப் பீஸ் ரேட்டில் (செய்த எண்ணிக்கைக்கு ஏற்றபடி) பணம் தரக் கூடாது, உற்பத்தி போனஸிலோ இன்சென்டிவ் திட்டத்திலோ சேரச் சொல்லக் கூடாது என்கிறது 13. ஆகவே "மாதத்தில் அதிக பீஸ் எடுத்தவர்" என்று பரிசு வைக்க நினைத்தால் அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பீஸ் கணக்கு பெரும்பாலும் எந்த மெஷினில் போட்டார்கள் என்பதைத்தான் காட்டும், யார் கற்றுக்கொண்டார் என்பதை அல்ல.

19-ஆம் பிரிவு, ஒவ்வொருவரின் பயிற்சி முன்னேற்றத்துக்கும் பதிவேடு வைக்கச் சொல்கிறது. அந்த லாக் புக் ஒழுங்காக இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

2. தேதியும் தகுதியும்

ஒப்பந்தக் காலம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பாகவே விழா நடக்கும்படி தேதி வையுங்கள். பேட்ச் வெளியேறிய பிறகு பரிசு கொடுத்தால் ஜெயித்தவர் வேறு ஊரில் வேலையில் இருப்பார், அவருடைய பெரியப்பா வந்து கேடயத்தை வாங்கிப் போவார். ஜூலை 15 உலக இளைஞர் திறன் நாள், செப்டம்பர் 17 விஸ்வகர்மா ஜெயந்தி. இரண்டும் வசதியான நாட்கள்தான், ஆயுத பூஜையும் அப்படியே.

வருகைப் பதிவை மார்க்காக மாற்றாதீர்கள். அது வாசலில் நிற்கும் தகுதி மட்டும்: 90 சதவீதம் இருந்தால் உள்ளே வரலாம். வேலையிடத்தில் அடிபட்டு எடுத்த விடுப்பையும் மருத்துவ விடுப்பையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தவறாமல் வருவது நல்ல பழக்கம்தான், ஆனால் அதற்கு 20 மார்க் வைத்தால் கடைசியில் வருகைக்கான பரிசாகத்தான் முடியும்.

3. மார்க்கைப் பிரிப்பது

செய்முறைத் தேர்வு 60, லாக் புக்கும் பரிந்துரையும் 30, வாய்மொழித் தேர்வு 10. இந்தப் பிரிப்பை எழுதி, நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிறகே பெயர்களைக் கேளுங்கள். பெயர்கள் வந்த பின் மார்க் பிரித்தால், உங்களுக்குத் தெரியாமலே மனதில் உள்ள ஆளுக்கு ஏற்றபடி அது வளையும்.

4. ஜாப் வடிவமைப்பு

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஜாப் சுலபமாக இருந்தால் எல்லாரும் 90-க்கு மேல் வாங்கி வித்தியாசம் தெரியாது. ரொம்பக் கடினமானால் யாரும் முடிக்க மாட்டார்கள், முடிக்காத ஜாப்பை அளக்கவும் முடியாது.

ஃபிட்டருக்கு ஒரு மேல்-ஃபீமேல் ஃபிட்டிங் போதும். ஆளுக்கு 50 × 10 மி.மீ. மைல்டு ஸ்டீல் ஃபிளாட்டில் 50 மி.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டிக் கொடுங்கள். இரண்டையும் 48 × 48 ஆக ராவ (ஃபைலால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவர) வேண்டும். ஏ துண்டின் மேல்பக்க நடுவில் 16 மி.மீ. அகலம், 16 மி.மீ. உயரத்தில் ஒரு நாக்கு. பி துண்டில் அது உட்காரும் பள்ளம். இரண்டையும் கோத்தால் மொத்த உயரம் 80 வரும். ஏ துண்டின் அடி விளிம்பிலிருந்து 16 மி.மீ. உள்ளே ஒரு துளை, பி துண்டின் மேல் விளிம்பிலிருந்து 16 மி.மீ. உள்ளே ஒன்று, இரண்டும் நடுக்கோட்டில். 7.8 மி.மீ. டிரில் போட்டு 8 மி.மீ. ரீமர் (துளையைச் சரியான அளவுக்கு நேர்த்தியாக்கும் கருவி) விட வேண்டும். கோத்த நிலையில் துளை மையங்களுக்கு இடையே 48.

உள்மூலைகள் நான்கிலும் 3 மி.மீ. ரிலீஃப் துளை வேண்டும் என்று டிராயிங்கிலேயே காட்டிவிடுங்கள். அது இல்லையென்றால் மூலையில் சிக்கும் ஒரு துளி உலோகத்தால் நல்ல ஜாப்பும் உட்காராது.

டிராயிங் தயாரானதும் அனுபவமுள்ள ஒரு ஃபிட்டரிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் எடுக்கும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு அப்ரண்டிஸுக்கு. அவருக்கு நாலரை மணி நேரம் ஆனால் தேர்வு ஆறேமுக்கால், முழுதாக்கினால் ஏழு மணி நேரம், சாப்பாட்டு இடைவேளை தனி. டிராயிங்கில் விட்டுப்போன அளவும் அவர் கையில்தான் அகப்படும்.

5. மார்க் ஷீட் (100-க்கு, பிறகு 60-ஆகச் சுருக்குங்கள்)

- ஐந்து அளவுகள் (ஏ அகலம், ஏ உயரம், நாக்கின் அகலம், பி அகலம், பி உயரம்), ஒவ்வொன்றுக்கும் 6: 30
- மூலைமட்டம் (செங்கோணம்), இரண்டு மூலைகள், ஒவ்வொன்றுக்கும் 5: 10
- கோத்த பொருத்தம், நேராக 10, திருப்பிப் போட்டு 10: 20
- கோத்த உயரம் 80 ± 0.1: 5
- துளை மைய தூரம் 48 ± 0.2: 10
- டவல் பின் (துல்லியமான அளவுள்ள உருளை முள்) கட்டை விரல் அழுத்தத்தில் ஆடாமல் உட்காருவது, இரண்டு துளையிலும்: 5
- மேற்பரப்பு நேர்த்தி: 10
- வேலை செய்யும் முறை, பாதுகாப்பு: 10

ஐந்து அளவுகளுக்கும் ± 0.04-க்குள் இருந்தால் முழு 6, ± 0.08-க்குள் இருந்தால் 3, அதற்கு வெளியே 0. "கொஞ்சம்தானே சார் தாண்டியிருக்கு" என்று இடையில் நாலரை போடுவதற்கு இடமே வைக்காதீர்கள்.

6. தேர்வு நாள்

காலையில் சீட்டுக் குலுக்கி எண் கொடுத்து, நம்பர் பஞ்சால் இரண்டு துண்டின் பின்பக்கமும் அடித்துவிடுங்கள். எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் உறையில் ஒட்டி, அளவு எடுக்காத ஒருவரிடம் இருக்கட்டும்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி ஃபைல் செட்: 300 மி.மீ. பாஸ்டர்ட், 250 செகண்ட் கட், 200 ஸ்மூத், பள்ளத்துக்கு ஒரு பக்கம் பல் இல்லாத சேஃப் எட்ஜ் ஃபைல். அந்தக் கடைசி ஃபைல் கிடைக்காதவர் பள்ளத்தின் சுவரை ராவும்போது அடித்தளத்தையும் சேர்த்துத் தின்றுவிடுவார், தப்பு அவருடையதல்ல. ஸ்டோரிலிருந்து ஒருவருக்குப் புது ஃபைல், இன்னொருவருக்கு வழுக்கை ஃபைல் என்று போனால் தேர்வு அங்கேயே முடிந்தது. சாக்பீஸும் வையுங்கள். தேய்க்காத ஸ்மூத் ஃபைலின் பல்லிடுக்கில் துகள் அடைத்து, முடிக்கிற நேரத்தில் மேற்பரப்பில் கீறல் போடும்.

வைஸின் (ஜாப்பைப் பிடிக்கும் இடுக்கியின்) மேல்மட்டம் நிற்பவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்குக் காலடியில் மரப்பலகை போடுங்கள். வைஸ் உயரமாக இருந்தால் ஃபைல் தட்டையாக ஓடாமல் சாயும், மட்டம் போகும். நம் ஷாப்களில் பெஞ்சுகள் பெரும்பாலும் உயரமான ஆண்களுக்கு அமைத்தவை, பெண் அப்ரண்டிஸ்கள் இதனாலேயே மார்க் இழக்கிறார்கள்.

அடுத்தது டிரில்லிங் மெஷின் க்யூ. 12 பேருக்கு ஒரு மெஷின் இருந்தால் கடைசியில் வருபவருக்கு முக்கால் மணி நேரம் போய்விடும். க்யூவில் நிற்கும் நேரத்தை ஒருவர் குறித்து, அந்த நிமிடங்களைக் கடைசியில் கூட்டிக் கொடுக்கட்டும்.

7. அளப்பது

ஒருவரே அளக்க வேண்டும், ஒரே கருவியில், பக்கத்தில் ஒருவர் எழுத வேண்டும். ± 0.04 பார்க்க 0.02 வெர்னியர் போதாது. அழுத்தும் விரலைப் பொறுத்தே அந்த அளவுக்கு மாறும். 48-க்கு 25–50 மைக்ரோமீட்டர், நாக்குக்கு 0–25. தொடங்கும் முன் இரண்டிலும் ஜீரோ சரிபாருங்கள். விளிம்பில் பிசிறு இருந்தால் அளவு கூடிக் காட்டும். பிசிறு எடுப்பது அப்ரண்டிஸின் வேலை, அளப்பவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஒவ்வோர் அளவையும் இரண்டு முனையிலும் எடுத்து, மோசமானதை எழுதுங்கள்.

பொருத்தத்துக்குக் கையால் மட்டும் கோக்க வேண்டும், சுத்தியல் கூடாது. நாக்கின் இரண்டு பக்கம், நாக்கின் மேல், இரண்டு தோள் என்று ஐந்து முகம். 0.10 ஃபீலர் கேஜ் (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) நுழையாத ஒவ்வொரு முகத்துக்கும் 2. பிறகு பி துண்டைத் திருப்பிப் போட்டு மறுபடி. நேராகக் கோத்தால் வெளிப்பக்கங்கள் ஒரே நேரில் இருந்து, திருப்பினால் படி விழுகிறது என்றால் நாக்கும் பள்ளமும் நடுவில் இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் மார்க்கிங்கில் (துண்டில் கோடு போடுவதில்) நடந்த தப்பு அது, ராவியதில் அல்ல. மார்க் ஷீட்டில் அப்படியே எழுதி வையுங்கள், பிறகு தேவைப்படும்.

துளை தூரத்துக்கு இரண்டு துளையிலும் 8 மி.மீ. டவல் பின் செருகி வெளிப்புறம் அளந்து 8-ஐக் கழியுங்கள். 56 வந்தால் சரியாக 48.

8. கண்ணால் போடும் மார்க்

நேர்த்திக்கும் வேலை முறைக்கும் வேர்ல்டுஸ்கில்ஸ் (இளைஞர்களுக்கான உலகத் தொழில்திறன்) போட்டிகளின் முறை நல்லது. மூன்று பேர், ஒருவருக்கொருவர் காட்டாமல், 0 முதல் 3 வரை மார்க்: 0 என்றால் தொழில் தரத்துக்குக் கீழ், 1 தரத்துக்குச் சரி, 2 சில விதத்தில் மேலே, 3 அசத்தல். எண்ணை ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். இருவருக்கிடையே 1-க்கு மேல் வித்தியாசம் வந்தால் பேசி, மறுபடி போட வேண்டும். மூன்றையும் கூட்டி 9-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்குங்கள். வேலை முறையைப் பார்க்க ஆள் தெரியத்தான் செய்யும், எண் மறைவு அங்கே உதவாது. ஆகவே சொந்தப் பிரிவு சூப்பர்வைசர் அந்த மூவரில் இருக்கக் கூடாது.

9. லாக் புக், பரிந்துரை, வாய்மொழி

லாக் புக்கில் தேதி, டிராயிங், தப்பானால் ஏன் தப்பானது என்ற குறிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். கடைசி வாரத்தில் ஒரே பேனாவில் எழுதிய ஆறு மாதப் பதிவு பார்த்தவுடனே தெரியும்.

பரிந்துரைப் படிவத்தில் மூன்று கோடு மட்டும் விடுங்கள்: என்ன வேலை, எப்போது, என்ன பலன். "நல்ல பையன், சொன்ன பேச்சைக் கேட்பான்" என்பதற்கு மார்க் கிடையாது. "மார்ச் மாதம் இரண்டாம் பிரஸ்ஸில் டை மாற்றும்போது போல்ட் இறுக்கும் வரிசையை எழுதி மெஷினில் ஒட்டினார், அதன்பின் புதியவர்களும் அதைப் பார்த்தே இறுக்குகிறார்கள்" என்றால் உண்டு, போய்ப் பார்த்துச் சரிபார்க்கவும் முடியும்.

வாய்மொழியில் ஜாப்பைக் கையில் கொடுத்து ஐந்து கேள்வி, எல்லாருக்கும் அதே ஐந்து. 7.8 டிரில் எதற்கு, நேராக 8 போட்டால் என்ன ஆகும் என்பது மாதிரி. தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னாலும் ஒரே மார்க். "உன் லட்சியம் என்ன" என்று கேட்டால் நன்றாகப் பேசுபவர்தான் ஜெயிப்பார்.

10. மற்ற டிரேடுகள்

எலக்ட்ரீஷியனுக்கு டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேரடி மின்னிணைப்பில் ஓட்டத் தொடங்கும் கருவி) கனெக்ஷனும் ஒரு ஃபால்ட் கண்டுபிடிப்பும், வெல்டருக்குப் பட் ஜாயின்ட்டும் (விளிம்போடு விளிம்பு சேர்ப்பது) பெண்ட் டெஸ்ட்டும் (வளைத்துப் பார்ப்பது) என்று ஜாப் மாறும், முறை இதேதான். ஆனால் ஃபிட்டரின் 82-ஐயும் வெல்டரின் 88-ஐயும் நேராக ஒப்பிடாதீர்கள். டிரேடுக்கு ஒரு பரிசு வைப்பதுதான் எங்கள் பரிந்துரை. கூடவே, முன்கூட்டியே அறிவித்த ஒரு மார்க்கைத் தாண்டிய எல்லாருக்கும் தனிச் சான்று. வேர்ல்டுஸ்கில்ஸிலும் பதக்கம் வாங்காமல் 700 புள்ளி எட்டியவர்களுக்குத் தகுதிப் பதக்கம் உண்டு.

11. பரிசும் சான்றிதழும்

கேடயத்துக்குப் போகும் காசில் 0–25 மைக்ரோமீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள், பத்து வருடம் உதவும். பணமாகத் தருவதென்றால் உதவித்தொகையோடு கலக்காமல் தனி ரசீதில்.

சான்றிதழில் "சிறப்பாகப் பணியாற்றினார்" போதாது. டிரேடு, பயிற்சிக் காலம், ஒப்பந்தப் பதிவு எண், என்ன ஜாப், எந்த டாலரன்ஸ் (அளவில் அனுமதித்த ஏற்ற இறக்கம்), எத்தனை மார்க் என்று எழுதுங்கள். வேலைக்கு எடுப்பவர் படிப்பது அதைத்தான். பெயரைப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே அச்சிடுங்கள். இனிஷியல் முன்னால் பின்னால் மாறினால் பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலை சரிபார்ப்பு என்று வரும்போது அந்தத் தாள் பயனில்லாமல் போகும்.

12. ஜெயிக்காதவர்கள்

விழா முடிந்த வாரத்திலேயே ஒவ்வொருவருக்கும் மார்க் ஷீட் நகலும், தப்பான இடத்தை மார்க்கரில் வட்டமிட்ட அவருடைய ஜாப்பும் திரும்பப் போக வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து, தப்பு மார்க்கிங்கிலா, ராவுவதிலா, டிரில்லிங்கிலா என்று சொல்லுங்கள். யாராவது மறுஅளவு கேட்டால் அவர் கண்ணெதிரே, அதே மைக்ரோமீட்டரில் எடுங்கள். முதல் மூன்று இடத்தவர்களின் பிறந்த தேதியையும் குறித்து வையுங்கள். வேர்ல்டுஸ்கில்ஸ் வரை போக விரும்பினால், பெரும்பாலான பிரிவுகளில் போட்டி நடக்கும் ஆண்டில் 22 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, சில பிரிவுகளில் மட்டும் 25.