மலாய் தெரிந்தவர்கள் இந்தோனேசிய மொழியில் செய்யும் தவறுகள்

பினாங்கில் இருந்துகொண்டே இந்தோனேசியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயங்கலை வழியாக மேல்நிலை மொழி வகுப்புக்குப் பதிந்துகொள்ளும் நம்மவர்களிடம் ஒரு அலட்சியம் உண்டு. "மலாய்தானே, சமாளித்துவிடலாம்." தொடக்கத்தில் இது பெரும்பாலும் சரிதான். பிப்பா எனப்படும், வெளிநாட்டவருக்கான இந்தோனேசிய மொழிப் பாடத்திட்டத்தில் ஏழு நிலைகள் உள்ளன. மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாயில் நல்ல தேர்ச்சி பெற்றவர் முதல் சில நிலைகளைச் சிரமமில்லாமல் தாண்டிவிடுவார். கட்டுரை, கருத்தரங்கு, ஆய்வறிக்கை என்று வரும்போது அதே மலாய் காலை வாரிவிடும்.

காரணம் எளிது. நீங்கள் மலாயில் எழுதினாலும் இந்தோனேசிய ஆசிரியருக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்துவிட்டதால் அவர் திருத்துவதில்லை. ஜப்பானிய மாணவர் தப்பாக எழுதினால் வாக்கியமே நிற்காது, உடனே சிவப்பு மை விழும். நம்முடையது சற்று விநோதமாக ஒலிக்கும், அவ்வளவுதான். அந்த விநோதம் திருத்தப்படாமலே இறுதித் தேர்வு வரை கூட வரும். அதனால் முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்: புரிந்தாலும் பரவாயில்லை, மலாய் வாடை அடிக்கும் இடத்தையெல்லாம் குறித்துக் கொடுங்கள் என்று.

இரு மொழிகளிலும் பொருள் மாறும் சொற்களின் பட்டியல் இணையம் முழுக்கக் கிடைக்கிறது. பெர்ச்சுமா, புடாக், பூசிங் என்று சிரிப்பை வரவழைக்கும் சொற்கள் அவை. சிரித்த சொல் மறக்காது, அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். மேல்நிலையில் மாட்டிவிடுபவை யாரும் சிரிக்காத அலுவலகச் சொற்கள். நமக்கு ‘ஜாபாத்தான்’ ஓர் இலாகா, அங்கே ஒருவர் வகிக்கும் பதவி. நமக்கு ‘பெஜாபாட்’ அலுவலகம், அங்கே அதிகாரி. நாம் ரகசிய ஆவணத்துக்கு ‘ஸூலிட்’ என்போம், அங்கே அது கடினமானது என்று பொருள்படும். பட்டப்படிப்பு பற்றி விண்ணப்பக் கடிதம் எழுதும்போது இன்னும் கவனம் தேவை. இந்தோனேசியாவில் இளங்கலை மாணவர் எழுதுவது ஸ்கிரிப்சி, முதுகலைக்கு தெசிஸ், முனைவர் பட்டத்துக்கு டிசெர்த்தாசி. இங்கே முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தெசிஸ் என்று சொல்லிப் பழகியவர் அதையே அங்கும் எழுதினால், ஒரு பட்டம் குறைத்துத்தான் புரிந்துகொள்வார்கள்.

இதைவிட ஆழமான சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது, அதிலும் நன்றாகப் படித்தவர்களுக்கே அதிகம். ‘ஆகும்’ என்ற பொருளில், பெயர்ச்சொல்லுக்கு முன் ‘இயாலா’, பெயரடைக்கு முன் ‘அடாலா’ என்று நம் மலாய் ஆசிரியர்கள் மனத்தில் பதியவைத்த விதி இந்தோனேசிய மொழியில் கிடையாது. அங்கே பெயர்ச்சொல்லுக்கு முன்னும் அடாலாதான் இயல்பு. பக்கத்துக்குப் பத்து இயாலா போட்டால் தவறு என்று சொல்லமாட்டார்கள், ஆனால் எழுதியவர் எந்தக் கரையிலிருந்து வருகிறார் என்பது தெரிந்துவிடும். ‘டாரிபாடா’வும் அப்படியே. ஆளிடமிருந்து, மூலத்திலிருந்து என்பதற்கெல்லாம் இங்கே அதைப் போடுவது சரி. இந்தோனேசியச் செந்நடையில் அதை ஒப்பிடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் ‘டாரி’ போடுகிறார்கள். ‘பாதிக்கிறது’ என்பதற்கு நாம் ‘மெம்பெங்காருஹி’ என்று எழுதிப் பழகிவிட்டோம். அங்கே செந்தர வடிவம் ‘மெமெங்காருஹி’. எஸ்.பி.எம்.மில் ஏ பிளஸ் வாங்கியவர் இதில் தடுமாறுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அவர் விதியை மறக்கவில்லை, வேறு நாட்டு விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறார்.

1972-ல் இரு நாடுகளும் பொது எழுத்துமுறைக்கு ஒப்புக்கொண்டன. அதனால் எழுத்துக்கூட்டல் ஒன்றுதான் என்று நினைத்துவிடக்கூடாது. நமது ‘கெரானா’ அங்கே ‘காரெனா’, நமது ‘குவாலித்தி’ அங்கே ‘குவாலித்தாஸ்’. மாதப் பெயர்களே மாறும்: மார்ச் மாதம் நமக்கு ‘மாச்’, அவர்களுக்கு ‘மாரெட்’. கைப்பேசியின் விசைப்பலகை மலாயில் இருந்தால், சரியாகத் தட்டிய இந்தோனேசியச் சொல்லையும் அது ‘திருத்தி’விடும். விசைப்பலகையை முதலில் மாற்றுங்கள். அப்புறம் அகராதி. மலேசிய மொழி நிறுவனமான டேவான் பஹாசாவின் தளத்தில் பார்த்துவிட்டு இந்தோனேசியக் கட்டுரை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது கே.பி.பி.ஐ. என்னும் பெரிய இந்தோனேசிய அகராதி. 1988-ல் முதல் பதிப்பு வந்தது, இப்போது இயங்கலையில் இலவசமாகவே பார்க்கலாம். பொருளோடு நிறுத்தாமல் பக்கத்திலுள்ள குறியையும் படியுங்கள். ‘சாக்’ என்று இருந்தால் அது பேச்சுவழக்கு, கட்டுரையில் வேண்டாம். அம்புக்குறி இருந்தால், அது காட்டும் சொல்லே செந்தரம். எழுத்துமுறைக்கு, 2022-ல் வந்த இ.ஒய்.டி. என்னும் அதிகாரபூர்வ எழுத்து வழிகாட்டியின் ஐந்தாம் பதிப்பைப் பாருங்கள், பழைய வழிகாட்டிகள் இன்னும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

எண்களையும் விடாதீர்கள். அங்கே புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும், காற்புள்ளி தசமத்தைக் காட்டும். 2.500 பேர் என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர். நம் வழக்கப்படி 2,500 என்று அட்டவணையில் போட்டால் இரண்டரைப் பேரிடம் ஆய்வு நடத்தியதாக ஆகிவிடும்.

இயங்கலை வகுப்புக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு, நேரம். 1982 முதல் தீபகற்ப மலேசியாவும் உலக நேரத்தைவிட எட்டு மணி முன்னே ஓடுகிறது. ஜகார்த்தா, ஜொக்ஜகார்த்தா, ஏன், நமக்கு எதிர்க்கரையிலுள்ள மேடான்கூட மேற்கு இந்தோனேசிய நேரத்தில்தான், அதாவது உலக நேரத்தைவிட ஏழு மணி முன்னே. எனவே நம் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே. பாலியும் மக்காசாரும் நம்மோடு ஒத்துப்போகும். இத்தோடு சொல்வழக்கு சேர்கிறது. ‘ஸெதெங்ஙா டெலாப்பான்’ என்றால் எட்டரை இல்லை, எட்டுக்கு அரை மணி முன்பு, அதாவது ஏழரை. டச்சுக்காரர் விட்டுப்போன பழக்கம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஜகார்த்தா ஆசிரியர் அப்படிச் சொல்லும்போது அதை எட்டரை என்று தவறாகப் புரிந்து, நேர வித்தியாசத்தையும் மறந்தவர் வகுப்புக்குச் சரியான நேரத்தில் வந்துவிடுவார். இரண்டில் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டவர்தான் ஒரு மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ வந்து நிற்பார்.

ஆசிரியருக்குப் புலனத்தில் செய்தி அனுப்பும் முறையும் வேறு. எதிரே இருப்பவரைக் குறிக்க இங்கே சாதாரணமாகப் புழங்கும் ‘ஆவாக்’ அங்கே வேண்டவே வேண்டாம். ‘அன்டா’ மரியாதைச் சொல்போலத் தோன்றும், ஆனால் ஆசிரியரிடம் அதுவும் ஒட்டாது. ஆண் ஆசிரியரை ‘பாக்’ என்றும் பெண் ஆசிரியரை ‘இபு’ என்றும் அழைக்கவேண்டும், ‘நீங்கள்’ வரவேண்டிய இடத்திலும் அதையே போடவேண்டும். வணக்கம், தொந்தரவுக்கு மன்னிப்பு, பெயர், வகுப்பு, ‘இஸின் பெர்தாஞா’ என்று அனுமதி, பிறகே கேள்வி. நமக்கு நீட்டி முழக்குவதாகப் படும். அவர்களுக்கு அதுதான் அளவு. தொலைக்காட்சி நாடகம் பார்த்துக் கற்ற ‘குவே’ (நான்), ‘பாங்ஙெட்’ (ரொம்ப) போன்ற பேச்சுச் சொற்கள் எல்லாம் சக மாணவர்களோடு இருக்கட்டும். அவை தெரியாமலும் இருக்கக்கூடாது, குழு விவாதம் பாதி அதில்தான் நடக்கும்.

பேச்சுப் பயிற்சிக்குப் பினாங்கு வாசிகளுக்கு ஒரு வசதி உண்டு. சிகிச்சைக்காக மேடானிலிருந்தும் ஆச்சேயிலிருந்தும் வருகிறவர்களை இங்குள்ள தனியார் மருத்துவமனைகளில் நாள்தோறும் பார்க்கலாம். மருத்துவமனையில் வேலை செய்யும் நம்மவர்களுக்குக் காது நன்றாகப் பழகிவிடும். ஆனால் மேடான் பேச்சைச் செந்தரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘கெரெத்தா’ நமக்குக் கார், செந்தர இந்தோனேசியத்தில் ரயில், மேடான்காரருக்கோ மோட்டார் சைக்கிள். கேட்டுப் பழகுவது அவர்களிடம், எழுதும்போது அகராதியிடம்.

வகுப்புச் சான்றிதழ் கையில் இருப்பதால் இந்தோனேசிய மொழித் திறனைச் சோதிக்கும் யூ.கே.பி.ஐ. தேர்வு எளிது என்று நினைப்பதும் தவறு. கேட்டல், இலக்கணம், வாசிப்பு, எழுத்து, பேச்சு என ஐந்து பகுதிகளிலும் அது தனித்தனியாகச் சோதிக்கும். மலாய் தெரிந்தவர் வாசிப்பில் அள்ளிவிட்டு இலக்கணப் பகுதியில் கோட்டைவிடுவார்.

கடைசியாக நாட்காட்டி. இந்தோனேசியாவில் தீபாவளி தேசிய விடுமுறை அல்ல, தைப்பூசமும் அல்ல. ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்கும் பருவத்தின் இடைத்தேர்வு தீபாவளியை ஒட்டி வர வாய்ப்பு உண்டு. பாடத்திட்டம் கைக்கு வந்த அன்றே தேதியைப் பார்த்துவிட்டு ஆசிரியருக்கு எழுதுங்கள், முந்தைய நாள் இரவு எழுதாதீர்கள்.