உக்கிராணக் கணக்கு: பெங்களூருவில் வாழும் விசுவாசக் குடும்பங்களுக்கு

லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் எஜமான் தன் உடைமைகளை நிர்வகிக்கும் வேலைக்காரனான உக்கிராணக்காரனிடம், "உன் உக்கிராணக் கணக்கை ஒப்புவி" என்கிறார். சம்பளம் நமக்குச் சொந்தமானதன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்று உண்மையாகவே நம்பும் கணவனும் மனைவியும், ஒரு நோட்டில் வாடகை, தண்ணீர் லாரி, பள்ளி வேன், ஊருக்குப் போகும் பேருந்துக் கட்டணம், கல்யாண மொய் என ஒன்றுவிடாமல் ஒவ்வொரு மாதமும் எழுதிப் பார்க்க வேண்டும்.

சம்பளம் வந்த அன்றே, அதில் பத்தில் ஒரு பங்காகிய தசமபாகத்தைத் தனியே எடுத்துவைப்பது நல்லது. மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கொடுக்கலாம் என்றால் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று 2 கொரிந்தியர் 9:7 தெளிவாகச் சொல்கிறது. தேவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று காரணம் காட்டிப் பெற்றோரைக் கைவிடுவதை மாற்கு 7-இல் இயேசு கடிந்துகொள்கிறார். ஆகவே, 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட கோலார் தங்கவயலிலோ திருநெல்வேலிப் பக்கத்திலோ தாய் தகப்பனை விட்டுவந்தவர்கள், அவர்களுக்கு அனுப்பும் பணத்தையும் முதல் செலவுகளில் ஒன்றாகவே எழுத வேண்டும்.

இந்த நகரத்தில் பலரைக் கடனில் தள்ளுவது வீட்டு அட்வான்ஸ். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற லூக்கா 14:28-ஐ இங்கேதான் கைக்கொள்ள வேண்டும். வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் வழக்கம்போல் 10 மாதம் என்றால் 1,80,000 ரூபாய் வேண்டும். அதை மாதம் 2 சதவீத வட்டிக்கு வாங்கினால் வட்டி மட்டுமே 3,600 ரூபாய், அதாவது உங்கள் உண்மையான வாடகை 21,600. அறை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, கடனில்லாமல் குடியேறக்கூடிய வீட்டையே பாருங்கள் என்பேன்.

பிறர் வாங்கும் கடனுக்குப் போடும் பிணைக் கையெழுத்து இதைவிட ஆபத்தானது. சபையில் நம்மோடு சேர்ந்து ஜெபிக்கிற சகோதரர் கேட்கும்போது மறுப்பது கடினம் என்பது உண்மைதான். ஆனால் பிணைப்பட்டவன் தூங்காமல் தன்னை விடுவித்துக்கொள்ளும்படி நீதிமொழிகள் 6:1-5 எச்சரிக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவும், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கினவருக்குள்ள அதே பொறுப்பைப் பிணை நின்றவர்மீதும் சுமத்துகிறது. கையெழுத்துக்குப் பதிலாக, உங்களால் இயன்ற ஒரு தொகையைத் திரும்ப எதிர்பாராமல் அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

கிரெடிட் கார்டு பாக்கியோ நகைக் கடனோ இருந்தால், வட்டி அதிகமுள்ளதை முதலில் அடைத்துவிடுங்கள். அதன்பின், யோசேப்பு எகிப்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்ததுபோல், வேலை போனாலும் 6 மாதம் தாங்கும் அளவுக்குச் சேமியுங்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் புறப்படுமுன், இருவரும் உட்கார்ந்து அந்த நோட்டின் 12 மாதக் கணக்கையும் கூட்டிப் பாருங்கள்.