பிரிட்டன் குளத்தில் இருப்பது தவளையா, தேரையா, நியூட்டா?
பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்தில் குளம் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம், அந்த மண்ணுக்கே உரிய நீர்நில வாழ்விகள் மொத்தம் ஏழே இனங்கள்தான்: தவளை இரண்டு, தேரை இரண்டு, பல்லி போலிருக்கும் நியூட் மூன்று.

தவளையையும் தேரையையும் பிரிக்க நிறத்தை நம்பாதீர்கள். தவளை பச்சை, பழுப்பு, சில சமயம் சிவப்பாகக்கூட இருக்கும். தோலைப் பாருங்கள்: வழவழவென்று ஈரமாக இருந்தால் தவளை, சொரசொரவென்று முண்டும் முடிச்சுமாக இருந்தால் தேரை. தவளையின் கண்ணுக்குப் பின்னால் ஒரு கருந்திட்டு. தேரைக்குச் செம்பு நிறக் கண். தவளை தாவும், தேரை பெரும்பாலும் நடந்தே போகும். வசந்தத்தில் வேலை இன்னும் சுலபம். தவளை முட்டை ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி மொத்தையாகக் கிடக்கும், தேரை முட்டை நீர்ச்செடிகளைச் சுற்றிச் சரமாக ஓடும். முதுகு நடுவே மஞ்சள் கோடு தெரிந்தால் அது நாட்டர்ஜாக் தேரை. பெரும்பாலும் கடலோர மணல்மேடுகளில் அதைத் தேட வேண்டும். ‘குளத் தவளை’ (pool frog) என்ற இன்னொரு தவளை இனம் மகா அரிது, 2005 முதல் கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள்.

நியூட் பார்க்கப் பல்லி போலிருந்தாலும் செதில் கிடையாது, தரையில் மெதுவாகத்தான் நகரும். சுமார் 15 செ.மீ. நீளம், கறுத்த சொரசொரப்பான உடல், ஆரஞ்சு வயிற்றில் கருந்திட்டுகள் என்றால் பெரிய கொண்டை நியூட். அதை உரிமம் இல்லாமல் பிடிப்பது சட்டப்படி குற்றம். மற்ற இரண்டு நியூட் இனங்களும் சிறியவை, உண்மையான குழப்பமே இங்கேதான். தொண்டையில் புள்ளிகள் இருந்தால் வழவழப்பு நியூட். புள்ளியே இல்லாமல் வெளிர் இளஞ்சிவப்பாக இருந்தால் பாமேட் நியூட். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பாமேட்டின் பின்னங்காலில் கறுப்புச் சவ்வும் வால் நுனியில் மெல்லிய இழையும் இருக்கும்.